மாவு படாத கை

டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தால் ஒரு வீட்டில் என்ன நடக்கும்? இனிப்பு வாங்குவார்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக் காது புளிக்கப் பேசுவார்கள். ரொட்டியக்காவுக்கு இடம் கிடைத்த அன்று அவள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அவள் கணவர் அடுப்பில் வைத்த பன் தட்டை மறந்துபோய் நின்றார். கரிந்த வாடை தெருமுனை வரைக்கும் போயிற்று. மகள் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொட்டியக்கா செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். மகளுக்குத் துணையாகப் போய் அவளும் பரீட்சை எழுதினாள். மகள் தேறவில்லை, இவள் தேறிவிட்டாள்.

கடைக்கு வருகிறவர்கள் சின்னவர் பெரியவர் பாராமல் அவளை ரொட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் அடுப்பு பார்க்கிறவர், ஆகவே அவர் மாஸ்டர். ஒரே மகள், பெயர் ஒன்று இருந்தாலும் வீட்டில் சிட்டு. முன்னால் கடை, பின்னால் மாவு அறை, அதற்கும் பின்னால் அடுப்பு. மாடியில் இரண்டு அறைகளும் கீழே ஓர் உள் அறையும் குடியிருக்க. சுவரெல்லாம் ஈஸ்ட் வாடை ஊறிப்போன வீடு அது. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைத் திறந்தால்கூட ரொட்டி மணக்கும்.

பிசைவது அவள் வேலை, சுடுவது அவர் வேலை. கல்யாணமான புதிதில் இரண்டையும் மாஸ்டரேதான் செய்தார். ஒருநாள் நனைந்த தரையில் வழுக்கி, கையில் இருந்த தட்டை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டே விழுந்ததில் வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. ஏற்றி வைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அழுத்திப் பிசைந்தால் தோள் மறுபடி இறங்கும். அன்றைக்கு மரத்தொட்டிக்கு முன்னால் போய் நின்றவள்தான் ரொட்டியக்கா. மிஷின் ஒன்று உண்டு, கேக் மாவை மட்டும்தான் அது தாங்கும். ரொட்டி மாவும் பன் மாவும் கையால்தான்.

மாவைச் சலித்து, நடுவில் குழி பறித்து, சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் நுரைத்து நிற்கும் ஈஸ்ட்டை ஊற்றி, உப்பைக் கடைசியில் தூவி, பிறகு தோளையும் முதுகையும் சேர்த்து இறக்க வேண்டும். முதலில் விரலை விடாமல் பிசுபிசுக்கும். மடித்து, தள்ளி, திருப்பி, மறுபடி மடித்துக்கொண்டே இருந்தால் ஒரு நேரத்தில் மாவு தானாகவே தொட்டியை விட்டுப் பிரிந்து வரும். மழைக்காலத்தில் எழும்பச் சோம்பல் படும். அடுப்புப் பக்கமாகத் தொட்டியை நகர்த்தி ஈரத்துணி போட்டு மூட வேண்டும். வெயில் காலத்தில் நம்மைக் கேட்காமலே பொங்கி வழியும். வேலை முடிகிறவரை இரண்டு கையும் மாவுக்குள்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஊதித்தான் விரட்ட வேண்டும்.

இந்த மாவு அறையில்தான் சிட்டுவின் படிப்பு நடந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி இரண்டு வருஷம் வந்ததிலிருந்து விடிந்தும் விடியாமலும் புத்தகத்தோடு இறங்கி வந்துவிடுவாள். மாவு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள். அம்மா பிசைந்துகொண்டே கேட்பாள். பக்கம் முடிந்ததும் மகள் கேள்வி கேட்பாள், அம்மா பதில் சொல்லுவாள். தப்பாகச் சொன்னால், "அம்மா, தப்பு!" என்று மகள் மறுபடி வாசிப்பாள். எந்தப் பாடத்தை எந்த மாவுக்குப் படிப்பது என்றுகூட வழக்கம் வைத்திருந்தார்கள். ரொட்டி மாவு இறுக்கமானது, நேரம் பிடிக்கும். அதற்கு ரத்த ஓட்டம், நரம்பு மண்டலம் மாதிரி நீளமான பாடங்கள். பன் மாவு லேசு. அதற்குச் செடி கொடிகள். கடைக்கு வருகிறவர்கள் காதில் இது விழும். "படிக்கிற பொண்ணு, என்னமா படிக்குது!" என்பார்கள். ரொட்டியக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

மகளை அவள் மாவைத் தொட விட்டதே இல்லை. "நான் கொஞ்சம் பிசையட்டுமாம்மா?" என்று சிட்டு எப்போதாவது கேட்டால், "தொடாத! டாக்டர் கை அது" என்று முழங்கையால் தள்ளிவிடுவாள். அப்படிச் சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

முதல் தடவை மருத்துவப் பரீட்சை எழுதப் போன சிட்டு முகம் தொங்கித் திரும்பி வந்தாள். தேறவில்லை. ஹாலில் தனியாக உட்கார்ந்ததும் பயம் வந்துவிட்டது, தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது என்றாள். எல்லோரும் நம்பினார்கள். பயம்தானே, பழகினால் போய்விடும். அந்தச் சமயம் பார்த்து, இந்தப் படிப்புக்கு இருந்த வயது வரம்பை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

"அம்மா, நீயும் எழுதேன். நீயும் பள்ளிக்கூடத்துல சயின்ஸ்தானே படிச்சே? பக்கத்துல நீ இருந்தா எனக்குப் பயம் இருக்காது" என்றாள் சிட்டு.

மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்கம்மாவா? கேள்வித்தாளையும் சேர்த்துப் பிசைஞ்சு வச்சிட்டு வருவா" என்றார். ஆனாலும் அவரே போய்ப் பதிந்துவிட்டு வந்தார். யாரும் தடுக்கவில்லை. தமாஷுக்கு எழுதுகிறவரைக்கும் பெண்பிள்ளைகளை யார் தடுக்கப்போகிறார்கள்?

பரீட்சை அன்று இருவரையும் வேறு வேறு கட்டடத்தில் போட்டார்கள். துணைக்குப் போனவளுக்குத் துணை இல்லை. சின்னஞ்சிறுசுகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பிரித்தாள். முதல் கேள்வியைப் படித்ததும் அவள் கை தானாக மேஜையை அழுத்தித் தள்ள ஆரம்பித்தது. தள்ளத் தள்ள, சிட்டுவின் குரல் காதில் வந்தது. பக்கம் பக்கமாக வந்தது. மேற்பார்வைக்கு நின்றவர் வந்து, "என்னம்மா, மேஜையை ஆட்டாதீங்க. கையைச் சும்மா வைங்க" என்றார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், ஒன்றும் வரவில்லை. பிறகு தொடையில் வைத்துப் பிசைந்துகொண்டே எழுதி முடித்தாள்.

இப்போது முடிவு வந்துவிட்டது. ஊரில் இருக்கிற அரசாங்கக் கல்லூரியிலேயே இடம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம்.

மறுநாளே மாஸ்டரின் அக்கா வந்து இறங்கினாள். தையற்கடை வைத்திருக்கிறவள். யார் வீட்டில் தையல் பிரிந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். குடையை மடக்கி மூலையில் சாத்தினாள். கொடுத்த டீயைத் தொடவில்லை.

"கேள்விப்பட்டேன். உண்மையா?" என்றாள்.

"உண்மைதான்க்கா" என்றாள் ரொட்டியக்கா. தொட்டியில் பாதி மாவு கிடந்தது, பிசைவதை நிறுத்தவில்லை.

"பெத்த மகளுக்கே போட்டியா நின்னியே, உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"போட்டியா நிக்கலக்கா. துணைக்குப் போனேன்."

"துணைக்குப் போனவ துணையா இருந்துட்டு வரணும். புள்ளை தட்டுல இருந்து எடுத்தா திம்பாங்க?"

"அவ தட்டு வேற, என் தட்டு வேறக்கா. நான் எழுதாம இருந்திருந்தாலும் அவளுக்கு வந்திருக்காது. அவளுக்கு முன்னால எத்தனையோ பேர் நிக்கறாங்க."

"பாத்தியா தம்பி, பேச்சை! நம்ம புள்ளைக்கு வந்திருக்காதாம். பெத்தவ வாயில வர்ற வார்த்தையா இது?"

மாஸ்டர் அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. தட்டு வைத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"அந்தப் புள்ளை நேத்திலிருந்து கதவைத் திறக்கல. அது ஏதாவது ஏடாகூடமா பண்ணிக்கிட்டா யாரு பொறுப்பு? நீ கழுத்துல கருவியை மாட்டிக்கிட்டு வந்து காப்பாத்துவியா?"

"அக்கா, அதை மட்டும் பேசாதீங்க" என்றாள் ரொட்டியக்கா. மாவுக்குள் இருந்த கை அப்படியே நின்றது. "காலையில அவ சாப்பிட்டா. ஜன்னல் வழியா நான்தான் குடுத்தேன். தட்டு காலியாத்தான் வந்துச்சு."

"வயசு என்ன ஆகுது உனக்கு? இந்த வயசுல போய் உக்காந்து படிச்சா சின்னப் பசங்க சிரிக்காதா? அப்புறம் உன்கிட்ட வைத்தியத்துக்கு யாரு வருவா?"

"இந்த வயசுக்கு அப்புறம்தான்க்கா டாக்டருங்களுக்கே கூட்டம் வருது."

"நக்கலு!" என்று எழுந்தாள் அக்கா. "தம்பி, நான் சொல்றதைச் சொல்லிட்டேன். நாளைக்கு ஊரு சிரிக்கும்போது அக்கா சொல்லலையேன்னு சொல்லாத." குடையை எடுத்துக்கொண்டு போனாள். எரிகிறதில் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் எப்போதும் அடுப்புப் பக்கம் நிற்பதில்லை, வாசலோடு போய்விடுகிறார்கள்.

அவள் போனதும் ரொட்டியக்கா மறுபடி மாவை மடித்தாள். மாஸ்டர் துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"அவங்க பேசினதை மனசுல வச்சுக்காதே. ஆனா அவங்க சொல்றதுலயும் ஒண்ணு இருக்கு" என்றார்.

"என்ன இருக்கு?"

"சிட்டு மனசை நினைச்சுப் பாரு. ஒரு வருஷம் பொறு. அடுத்த வருஷம் அவளும் தேறட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா போங்க. நானே பஸ் ஏத்தி விடறேன்."

"அடுத்த வருஷம் எனக்கு எடுத்து வச்சிருப்பாங்களா? மறுபடி எழுதணும். எனக்கு வரலைன்னா? அவளுக்கும் வரலைன்னா?"

மாஸ்டர் துணியை ஆணியில் மாட்டினார்.

"சரி, இதுக்காவது பதில் சொல்லுங்க. அவளுக்குக் கிடைச்சு எனக்குக் கிடைக்காம போயிருந்தா, அம்மா மனசு நோகும், ஒரு வருஷம் பொறுடீன்னு அவகிட்ட சொல்லியிருப்பீங்களா?"

"அதெப்படி, அவ சின்னப் பொண்ணு."

"அதெப்படின்னுதான் நானும் கேக்கறேன்."

"அப்ப மாவு யாரு பிசையறது?" என்றார் மாஸ்டர். வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ரொட்டியக்கா நிமிர்ந்தாள். அவளுக்கு வந்த கோபத்தில் சிரிப்புகூட வந்தது. "இவ்வளவு நேரம் மக மனசுன்னு சொன்னீங்க. இப்ப மாவுன்னு சொல்றீங்க. ரெண்டுல எது? ஒண்ணைச் சொல்லுங்க, அதுக்குப் பதில் சொல்றேன். உங்க தோள் இறங்கின அன்னைக்கு, எனக்கு மாவு பிசையத் தெரியுமான்னு யாராவது கேட்டீங்களா? போய் நின்னேன். கை பழகிடுச்சு. இன்னைக்கு நான் எங்க போய் நிக்கணும்னு கேட்டா மட்டும் ஆளுக்கொரு கணக்கு சொல்றீங்களே."

"தட்டைத் திருப்பணும்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் அடுப்புப் பக்கம் போனார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சலே. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். இந்த மாதிரி நல்லவர்களிடம் மாட்டிக்கொண்ட பெண்களுக்குப் போவதற்கு வழி தெரியாமலே பாதி ஆயுசு போய்விடுகிறது.

கடையிலும் சும்மா விடவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் தினம் காலையில் ரொட்டி வாங்க வருவார். ஊர் வாயெல்லாம் அவர் வாயில் இருக்கும். "டாக்டரம்மா, ஒரு ரொட்டி. சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "தமாஷ் இருக்கட்டும், ரொட்டியக்கா. மக வீட்ல உக்காந்திருக்க, நீ காலேஜுக்குப் போனா நல்லாவா இருக்கும்? பேசாம புள்ளைக்கு விட்டுக் குடுத்துடேன்."

"விட்டுக் குடுக்க அது என்ன பஸ் சீட்டா, நான் எந்திரிச்சா அவ உக்கார? நான் விட்டா முன்பின் தெரியாத ஒருத்தருக்குப் போகும்."

"இருந்தாலும் நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நாலு பேருல முதல் ஆளு நீங்கதானே. ரொட்டி வேணுமா, பேச்சு வேணுமா?"

அவர் ரொட்டியை வாங்கிக்கொண்டு போனார். வெடுக்கென்று பேசுவது சுலபம். உள்ளே ஒரு கதவு இன்னும் சாத்தியே இருந்தது. அந்தக் கதவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் சரிபார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். விடியுமுன்னே எழுந்து அன்றைய மாவு முழுவதையும் பிசைந்து மூடிவைத்துவிட்டுத் தனியாகப் போனாள். உடன் வருகிறேன் என்று மாஸ்டர் சொல்லவில்லை, வா என்று அவளும் கூப்பிடவில்லை. நகக்கண்ணில் ஒட்டியிருந்த மாவைப் பஸ்ஸில் உட்கார்ந்து சுரண்டி எடுத்தாள்.

கல்லூரிக் கூடத்தில் பிள்ளைகள் ஒரு பக்கம், பெற்றவர்கள் ஒரு பக்கம். வாசலில் நின்றவன் அவளைப் பார்த்ததும், "பேரன்ட்ஸ் அந்தப் பெஞ்சும்மா" என்று கையைக் காட்டினான். வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டான். அவளும் போய் உட்கார்ந்தாள். எங்கே நிற்கச் சொன்னாலும் நின்று பழகிய உடம்பு அது. பக்கத்தில் இருந்த அம்மாள், "உங்க பொண்ணா, பையனா?" என்று கேட்டாள். ரொட்டியக்கா மடியில் இருந்த பையைத் திருப்பி வைத்தாள். "பொண்ணு" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மேஜையிலிருந்து பெயர் கூப்பிட்டார்கள். யாரும் போகவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். தன் பெயர்தான் என்று உறைத்து அவள் எழுந்து போனபோது மேஜைக்காரருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

"எத்தனை தடவை கூப்பிடறதும்மா? பொண்ணு எங்க?"

"பொண்ணு வரலைங்க."

"பொண்ணு வராம நீங்க வந்து என்ன பண்றது? கையெழுத்து யார் போடறது? போய்க் கூட்டிட்டு வாங்க."

"நான்தாங்க அது."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளில் ஒன்று களுக்கென்று சிரித்தது. உடனே நாலைந்து சேர்ந்துகொண்டன. அவளை உள்ளே ஓர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய நாற்காலியில் இருந்தவர் தன்மையாகத்தான் பேசினார்.

"உட்காருங்கம்மா. நல்லா மார்க் வாங்கியிருக்கீங்க. ஆச்சரியம்தான். வீட்ல சம்மதமா? வீட்டுக்காரர் வரலையா?"

"கடை இருக்கு சார். அவர் வரல."

"அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா எங்களுக்கும் நிம்மதி. பாதியில நின்னுட்டீங்கன்னா ஒரு இடம் வீணாப் போயிடும் பாருங்க."

"அப்படிச் சட்டம் இருக்கா சார்?"

"சட்டம் எல்லாம் இல்ல. ஒரு இதுக்குத்தான் கேக்கறது."

"வெளிய நிக்கற பசங்ககிட்டயும் இப்படிக் கேட்டீங்களா சார், பாதியில நின்னுடுவியான்னு?"

அவர் முகம் சுருங்கிப்போனது. "அவங்க கூடப் பெத்தவங்க வந்திருக்காங்களேம்மா" என்றார். "சரி. திங்கட்கிழமை காலையில வந்து சேர்ந்துடணும். வரலைன்னா இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். வீட்ல நல்லா யோசிச்சுட்டு வாங்க."

அதே பரீட்சை, அதே கேள்வி, அதே மேஜை. சின்ன வயசுக்காரன் தேறினால் கெட்டிக்காரன். இவள் தேறினால் யோசிக்க வேண்டிய விஷயம். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த 'ஒரு இதுக்குத்தான்' அவள் காதில் ரீங்காரம் போட்டுக்கொண்டே வந்தது. மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மாவு அறையில் மாஸ்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். தொட்டியில் புதிதாகக் கலந்த மாவு பாதி தண்ணியும் பாதி கட்டியுமாகக் கிடந்தது. யாரோ விருந்துக்கென்று கூடுதலாக ரொட்டி கேட்டார்களாம். அவள் இல்லாமல் முடியுமா என்று பார்த்திருக்கிறார். தோள் இறங்கி, தானே உதறி ஏற்றிக்கொண்டிருக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை.

அவள் ஈரத்தோடு உட்கார்ந்து தோளைத் தடவிப் பார்த்தாள். இடத்தில்தான் இருந்தது. துணியைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினாள்.

"பாரு. நீ ஒரு நாள் இல்லைன்னா இதுதான் கதி" என்றார் அவர்.

"ஆள் வைங்க."

"ஆள் வச்சா உன் கை வருமா? உன் கையை விட்டா இந்தக் கடைக்கு ரொட்டி கிடையாது. சிட்டுவையும் நினைச்சுப் பாரு. மூணு வருஷமா ராப்பகலா படிச்ச பொண்ணு. அவ படிப்பைக் காதுல வாங்கிட்டு நீ போயி..."

அப்போது உள் அறைக் கதவு திறந்தது. திறந்த வேகத்தில் சுவரில் மோதியது. சிட்டு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது, தலை பரட்டையாக இருந்தது.

"யாரு படிச்சா?" என்றாள். "நான் படிச்சேன்னு யாருப்பா சொன்னது?"

"என்னம்மா சொல்றே?"

"நான் படிக்கல. நான் வாசிச்சேன். மூணு வருஷமா அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கேள்வி கேட்டது நான். பதில் சொன்னது யாரு? தப்பா சொன்னா மறுபடி யோசிச்சுச் சொன்னது யாரு? பதில் என் கண்ணு முன்னாலயே புஸ்தகத்துல இருந்துச்சு, நான் எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்? ஹாலுக்குள்ள போய் உக்காந்தேன். புஸ்தகம் இல்ல. ஒண்ணும் இல்ல. பயமெல்லாம் ஒண்ணும் கிடையாது. எனக்குத் தெரியல, அவ்வளவுதான்."

இத்தனை நாள் ரொட்டியக்காவின் கண் முன்னால் நடந்தது அது. புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் படிக்கிறார் என்று அந்த வீட்டில் அத்தனை பேரும் நினைத்தார்கள். தொட்டியில் கை விட்டிருந்தவளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவளே சேர்க்கவில்லை.

"ஏண்டி, அப்பவே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் மெல்ல.

"எப்படிச் சொல்றது? கடைக்கு வர்றவன் எல்லாம் படிக்கிற பொண்ணு, படிக்கிற பொண்ணுன்னு தலையில தூக்கி வச்சு ஆடினான். நான் ஒரு கேள்வி கேட்டு, நானே பதில் யோசிக்கலாம்னு பாத்தா, நீ முந்திக்கிட்டுச் சொல்லிடுவே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைச் சொல்ல விட்டியாம்மா? நானும் மாவு பிசையறேன், நீ வாசின்னு கேட்டேன். தொடாத, டாக்டர் கைன்னு தள்ளிவிட்டே. உன் கையிலதான் எல்லாம் ஏறிச்சு. என் கை சுத்தமா இருந்துச்சு. அதுல ஒண்ணும் இல்ல."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மகள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று ரொட்டியக்காவுக்குத் தெரிந்தது. பதில் சொல்லும் ஆசையில் பிள்ளையின் வாயை அவளேதான் அடைத்து வைத்திருந்தாள். உள்ளே இருந்த கோபம் எல்லாம் அப்படியே கரைந்து போனது.

"நான் போகலடி" என்றாள். "எனக்கு வேண்டாம். உன்னை இப்படிப் பண்ணிட்டு எனக்கு எதுக்கு அது?"

"அதுவும் சரிதான்" என்றார் மாஸ்டர், "ஒரு வருஷம்..."

"அப்பா, நீங்க சும்மா இருங்க!" சிட்டு கத்திய கத்தலில் கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மாவு பிசைய ஆள் வேணும்னா ஆள் வேணும்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லாதீங்க. நான் உங்ககிட்ட வந்து அம்மாவை நிறுத்துங்கன்னு கேட்டனா? அத்தைகிட்ட கேட்டனா? நான் பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதுட்டு இருந்தேன். அழக்கூட விடாம ஆளாளுக்கு என் பேரைச் சொல்லிக்கிட்டு..." மூச்சு வாங்கியது. அம்மா பக்கம் திரும்பினாள். "நீ மட்டும் என்ன? போகலையாம்! நீ போகாம வீட்ல உக்காந்தா எனக்கு இடம் வந்துருமா? நான் தேறலங்கறது ஒரு அவமானம். அதோட சேத்து, எங்கம்மா எனக்காக விட்டுட்டாங்கங்கற பழியையும் நான் காலம் பூரா சுமக்கணுமா? தினம் இந்தத் தொட்டிகிட்ட நீ நிக்கறதைப் பாத்துப் பாத்துச் சாகணுமா? எனக்கு உன் மேல கோவம்மா. ரொம்பக் கோவம். அது எப்பப் போகுமோ தெரியாது. ஆனா நீ போகலைன்னா அது போகவே போகாது."

கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அந்த வீட்டில் தேவைக்கு மேல் யாரும் பேசவில்லை. மாஸ்டர் ஒற்றைக் கையால் அடுப்பு பார்த்தார். ஞாயிறு மாலை யாரிடமோ போனில், "பிசையற ஆள், ஆமா, கை பழகின ஆளா வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரொட்டியக்கா காதில் விழட்டும் என்றே சத்தமாகப் பேசினார் போலிருந்தது. அவள் மாடிக்குப் போய் மறுநாள் உடுத்தப் புடவையை எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில், கிளம்புவதற்கு முன் மாவைப் பிசைந்து வைத்துவிடலாம் என்று இறங்கி வந்தாள். மாவு அறையில் விளக்கு எரிந்தது. தொட்டிக்கு முன்னால் சிட்டு நின்றாள். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்து, முடியைத் தூக்கிக் கொண்டை போட்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. மூக்கில் மாவு, கொண்டையில் மாவு. தண்ணீர் கூடிப்போய்ப் பசை மாதிரி விரலைப் பிடித்து இழுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மாஸ்டர் பக்கத்தில் நின்று ஒற்றைக் கையால் மாவு தூவிக்கொண்டிருந்தார்.

"என்னடி இது? தள்ளு, நான்..."

"கிட்ட வராத" என்றாள் சிட்டு. முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. "உன் புடவையில மாவு படும். புஸ்தகம் மூட்டை மேல இருக்கு. எடுத்து வாசி."

ரொட்டியக்கா நின்றாள்.

"வாசின்னா வாசிம்மா. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. அப்பா, உங்களுக்கும் சொல்லிட்டேன். ஆள் கிடைக்கற வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு நாள்கூட நிக்க மாட்டேன்."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் மாஸ்டர். அவர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மூட்டை மேல் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். எத்தனையோ தடவை கேட்ட பக்கம். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பது அதுதான் முதல் தடவை போல இருந்தது. காகிதத்தின் ஓரங்களில் மகளின் விரல் அழுக்கு படிந்திருந்தது. பக்கத்தை முழுவதும் வாசித்தாள். பிறகு கேள்விக்கு வந்தாள்.

"இதயத்தில் வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு எது?"

சிட்டு மடித்து, தள்ளி, திருப்பினாள். நெற்றியைச் சுருக்கினாள். "ஈரிதழ் வால்வு" என்றாள்.

தப்பு. மூவிதழ். ரொட்டியக்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பரீட்சை எழுதியபோதுகூட அவ்வளவு கஷ்டப்படவில்லை.

"தப்பு. மறுபடி வாசிக்கிறேன், கேளு" என்றாள்.

"சத்தமா வாசி. அடுப்புச் சத்தத்துல கேக்க மாட்டேங்குது."

சத்தமாக வாசித்தாள். பாதி வாசிப்பதற்குள்ளேயே, "இரு இரு, சொல்லாத, சொல்லாத!" என்று மாவுக்கையைத் தூக்கினாள் சிட்டு. மாவைத் தூக்கித் தொட்டியில் இரண்டு தடவை அறைந்தாள். பிறகு, "மூவிதழ்! ஈரிதழ் இடது பக்கம். வலது பக்கம் மூவிதழ்!" என்று கத்தினாள். மாஸ்டர் மாவுத் தட்டோடு துள்ளி விழுந்தார்.

பஸ் நேரம் வந்ததும் ரொட்டியக்கா புத்தகத்தை மூட்டை மேல் வைத்துவிட்டு எழுந்தாள். பழக்கதோஷத்தில் குழாயடிக்குப் போய்க் கையை நீட்டினாள். கழுவ ஒன்றுமில்லை. கையை அப்படியே மடக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மழை விட்டிருந்தது. வேன்காரர் கடை வாசலில் வேனை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் போகிற அவளைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "என்ன சிட்டு, கூத்தா இருக்கு! அம்மா காலேஜுக்குப் போகுது, நீ மாவு பிசையறியா? ஊரு என்ன..." என்று ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து மகளின் குரல் தெருவுக்கே கேட்டது.

"ஆமா, எங்கம்மா காலேஜுக்குப் போகுது. உங்களுக்கு ரொட்டி வேணுமா, பேச்சு வேணுமா?"

ரொட்டியக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்துகொண்டிருந்தது.